ஐந்து நடக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். சலவைக் கூடத்தில் சூடு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

வேலை முடிந்து கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, அங்கே ஒரு கூத்து. பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். அது சரியா என்று பார்க்க ஏழு டெஸ்ட் உண்டு. சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எனக்கு ஏழும் சிவப்பு! மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்காரும் டிரைவர் அண்ணன், "டெஸ்ட்ல இருக்கற விடைய மாத்திடும்மா, பச்சையாயிடும்" என்றார்.

"முடியாதுண்ணே. தப்பு எங்கன்னு பாக்காம விடமாட்டேன்."

உன்னிடம் விட்டுவந்த என் பாப்பாவின் பிறந்த தேதியைப் போட்டேன். ஐந்து என்றது. சரிதானே? நீயே போனில் "அஞ்சு நடக்குது" என்றாயே! அப்போதுதான் உறைத்தது. டெஸ்ட் கேட்பது முடிந்த வயதை, பாப்பாவுக்கு நான்குதான். நானோ நம் வழக்கப்படி நடக்கிற வயதுக்காக ஒன்றைக் கூட்டி வைத்திருக்கிறேன். அந்த ஒன்றை எடுத்தேன், ஏழும் பச்சை. அடுத்த பாடம் இன்னும் கடினமாம். இருக்கட்டும், அதையும் ஒரு கை பார்க்கிறேன்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு. செருப்பு வாங்கப் போய், அளவு தெரியாமல் கடையிலேயே நின்றுவிட்டேன். நீ அனுப்பும் அளவோடு ஒன்றைக் கூட்டித்தான் வாங்குவேன். நான் வந்து சேரும் அன்று அவளுக்குப் பொருந்த வேண்டுமே.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் மகள்