மதினியின் வெள்ளைப் படம்

மதினி,

என் மோதிர விரலில் சந்தனத்தோடு ரோஜா நிறப் பொடி அப்பியிருக்கிறது. காலையிலிருந்து கை கழுவவில்லை. அது உங்கள் முகத்திலிருந்து வந்தது.

நீங்கள் ஆயாவாக இருந்த பங்களாவின் துரைசாணி சீமைக்குத் திரும்புகிறார். அன்று உங்களை உட்காரவைத்து பொடி உதிரும் வண்ணக்கட்டியால் வரைந்த படத்தை நம் கெமண்டைன் பேட்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். வண்டி குலுங்கியதில் கண்ணாடி உடைந்தது, படம் பிழைத்தது. உங்கள் மகள் செல்லம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோது அவள் தவழ்கிற பிள்ளை. ஒரு போட்டோகூடப் பிடித்து வைக்காத குடும்பம் நாம். அம்மா முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கப்போகிறாள்.

துணியை விலக்கினால், யாரோ! பால் வெள்ளைக் கழுத்து, நீலக் கண், வானத்தைப் பார்க்கிற பார்வை, கையில் அல்லிப்பூ. இந்த ஊர்ப் பெண்கள் அரைத்துப் பூசுகிற தனாக்கா மரப்பட்டைச் சாந்தை முகம் முழுக்க அப்பினாலும் நீங்கள் இவ்வளவு வெளுக்க மாட்டீர்கள்.

பழைய ராணி காலத்து வழக்கமாம், பெண்ணை வரைந்தால் தேவதையாகத்தான் வரையவேண்டுமாம். கழுத்து வலிக்க உட்கார்ந்துவிட்டு வந்து, அடுப்படியில் மோவாயைத் தூக்கி எனக்கு நடித்துக் காட்டுவீர்களே! "நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், துரைசாணி பாட்டுக்கு வேற யாரையோ வரையுறாங்க" என்பீர்கள். கேலி என்று சிரித்தேன். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

"இது எங்கம்மா இல்ல அத்தை" என்றாள் செல்லம்மா.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனாலும் இன்று உங்கள் திதி. படத்துக்குப் பொட்டு வைக்காமல் எப்படிப் படைப்பது? கண்ணாடி இல்லாததே நினைவில்லை. ஈரச் சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் வைத்தேன். விரலோடு நெற்றியே வந்துவிட்டது. துடைக்கப் போய்க் கன்னமும் போயிற்று.

அடியில் கறுப்பு. நல்ல, மினுமினுக்கிற கறுப்பு. இடது கண்ணுக்குக் கீழே உங்கள் மச்சம்.

துரைசாணி முதலில் உங்களை உள்ளபடியே வரைந்திருக்கிறார், மதினி. அப்புறம்தான் மேலே பூசி மூடியிருக்கிறார். மச்சம்வரை பார்த்தவருக்கு அதை மூட எப்படிக் கை வந்தது?

செல்லம்மா அந்த இடத்தருகே தன் கையை வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

படையல் சோறு இலையில் ஆறிக்கொண்டிருக்கிறது. கை கழுவ மாட்டேன் என்று நான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மகள் இலையை இழுத்து வைத்துக்கொண்டு, "வாயைத் திறங்க அத்தை, நான் ஊட்டுறேன்" என்கிறாள்.