பல் தெரிய ஒரு படம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே கச்சான், மேற்குக் காற்று. வாசல் தெளித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மண் பறக்கிறது. தண்ணீர் மோட்டாரில் ஏதோ கோளாறு. ஆள் வரவில்லை.

மும்பை ஏஜென்சிப் பெண்ணிடமிருந்து செய்தி. சமையல் தேர்வு போன மாதமே பாஸ். மெடிக்கல் பாஸ். பாஸ்போர்ட் சரி, கப்பல் புத்தகம் (மாலுமி அடையாளப் புத்தகம்) சரி. படம்தான் சரியில்லையாம். அனுப்பியிருந்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், போலீஸ் பிடித்துப்போன ஆள் மாதிரி இருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதியிருக்கிறாள். வேண்டியது:

1. தொழில்முறை போட்டோகிராபர் எடுத்த படம். செல்போன் கூடாது.
2. வெள்ளைச் சமையல் கோட்டு.
3. பின்னால் வெள்ளைத்திரை கூடாது.
4. ஸ்டைலாக இருக்க வேண்டும். (46 வயதில்!)
5. சிரிக்க வேண்டும். பல் தெரிய.

சனி மதியம் 12-க்குள் வந்து சேரவேண்டும்.

21 வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். இருபது பேருக்கு ஆக்கிப் போட்டேன், அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தின்கிறவர்கள். கம்பெனி ஆளை மாற்றியது, எட்டு மாதமாக வீட்டில். இது பயணிகள் கப்பல். விருந்தாளிக்கு முன்னால் நின்று சமைக்கிற வேலை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற மனிதர்கள். அவர்களும் நம் முகத்தைப் பார்ப்பார்கள், அதனால்தான் படம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், எடுக்க மாட்டார்கள். இதுதான் கடைசி.

மனைவி ஸ்டெல்லாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் செஞ்சிரலாம்" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று குறையவில்லை. கோட்டுக்குக் கஞ்சி போட்டு ஸ்டெல்லா இஸ்திரி போட்டுத் தந்தாள். அட்டை மாதிரி நிற்கிறது.

பழைய துறைமுகப் பக்கத்து ஸ்டூடியோ. அண்ணாச்சி இந்த ஊரில் கப்பலுக்குப் போன பாதிப் பேரைப் படம் எடுத்தவர். என் முதல் கப்பல் புத்தகத்துப் படமும் அவர் எடுத்ததே. வேறு எங்கே போவது?

"உக்காரு மாப்ள. நாடியத் தூக்கு. காது ரெண்டும் தெரியணும். வாய மூடு."

"அண்ணாச்சி, இது கப்பல் புத்தகத்துக்கு இல்ல. சிரிக்கணும்."

"அப்படியா? சரி, சிரி."

சிரித்தேன். அல்லது சிரித்ததாக நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கன்னம் வலித்து வாயை மூடினேன். டக்கென்று அமுக்கினார்.

நான்கு தடவை இப்படி. பல் தெரிகிறவரை மனுஷன் சும்மா நிற்கிறார், மூடினால் கை போகிறது. கேட்டால், "முப்பது வருசப் பழக்கம்லா. பல்லு தெரிஞ்சா ஆபீஸ்ல தள்ளிருவான்னு கை தானா நின்னுருது" என்கிறார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் என் வாயும் தானாக ஒட்டிக்கொள்கிறது. இத்தனை வருடமாக ஒரே ஸ்டூல், ஒரே சுவர், ஒரே அதட்டல்.

சாயங்காலம் வரச் சொன்னார். போனேன். வெள்ளைத்திரை. காது இரண்டும் பிரமாதம். வாய் தைத்தது போல. கூடவே, என் சமையல் கோட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, தோளில் நான்கு தங்கக் கோடு போட்ட யூனிஃபார்மை ஒட்டியிருக்கிறார். எட்டுக் காப்பி, வெட்டி, கவரில் போட்டு.

"கேப்டனாவே ஆக்கிட்டேன் மாப்ள! சமையக்கார கோட்டு என்னத்துக்கு?"

மனுஷன் ஆசையாகச் செய்திருக்கிறார். வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தாள்.

ஜூலை 9, புதன்

வெயில். பல்வலி மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பாளையங்கோட்டை ரோட்டில் ஏசி போட்ட கல்யாணப் போட்டோ கடை. சுவர் முழுக்கப் பொண்ணு மாப்பிள்ளை. தாடி வைத்த ஆள், முப்பது வயது இருக்கும். பெரிய கேமரா. சோபாவில் உட்காரச் சொல்லி ஜூஸ் கொடுத்தான்.

"ப்ரீ வெட்டிங்கா அண்ணே?"

"இல்ல. எனக்கு மட்டும். போர்ட்ரெய்ட்."

"ஓ! பொண்ணு பாக்கியளா?"

கல்யாணமாகி 18 வருடம் என்றேன். அறுபதாம் கல்யாணமா என்று கேட்காமல் விட்டானே.

ஸ்டைலாக வேண்டும் என்று சொன்னதுதான் தப்பு. காரில் ஏற்றி முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்துக்குக் கொண்டுபோனான். நாற்புறமும் வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை. சமையல்காரன் என்பதால் அவனுக்கு ஒரு யோசனை: நான் இரண்டு கையாலும் உப்பை அள்ளி மேலே எறிய வேண்டும், அது விழும்போது அண்ணாந்து பார்த்துச் சிரிக்க வேண்டும்.

கச்சான் அடிக்கிறது என்று சொன்னேன். கடற்கரையில் பிறந்தவன் சொல்கிறேன், கேட்கவில்லை. "மாஸா இருக்கும் அண்ணே" என்றான்.

எறிந்தேன். உப்பு கண்ணில், மூக்கில், காலருக்குள். முதல் தடவை சரியில்லையாம். ஆறு தடவை எறிந்தேன், மடையன்.

வரப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏளா, அங்கன பாரு. அந்த ஆளுக்கு என்ன?"

"யாரு பெத்த புள்ளையோ. நாம வாரிக் குவிக்கோம், இவன் வாரி இறைக்கான்."

போட்டோக்காரன் எனக்கு நேரே திரும்பி, "அந்த அக்கா சொன்னதுக்குச் சிரிங்க அண்ணே" என்றான். கண் எரியும்போது எவன் சிரிப்பான்? கத்திவிட்டேன். அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

படங்கள் வந்தன. உப்பு அழகாக விழுகிறது. அதன் நடுவில் பெற்ற தாயைப் பறிகொடுத்தவன் மாதிரி நான்.

ஜூலை 10, வியாழன்

கண் இன்னும் சிவப்பு. பன்னீர் விட்டேன்.

மூன்று இடத்துக்கு போன். ஒருவர், ஆனி முகூர்த்தம், நேரமில்லை. ஒருவர், மாதா திருவிழா வேலை இருக்கிறது, ஆகஸ்ட்டில் வாருங்கள். ஒருவர், ட்ரோன் மட்டும்தான். ட்ரோனில் என் பல் தெரியுமா?

ஏஜென்சிப் பெண் மறுபடி. "ஓன்லி டூ டேஸ் சார்." அவள் பெயருக்குப் பக்கத்தில் அவள் படம். முப்பத்திரண்டு பல்லும்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். கதவைச் சாத்த மறந்துவிட்டேன்.

"என்ன, வயித்து வலியா?" ஸ்டெல்லா வாசலில் நிற்கிறாள்.

"சிரிச்சுப் பழகுதேன்."

"ஐயோ! சோடா வாங்கியாறலாம்னு பாத்தேன்."

எரிச்சலில் ஏதோ சொன்னேன். இவள் போய், கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். தலைப்பூவோடு அவள், கோட்டு சூட்டோடு நான். கோயில் வாசல், கேக் வெட்டுவது, அவள் வீட்டார், என் வீட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"எல்லாத்துலயும் நான் சிரிக்கேன். நீங்க கப்பல் புத்தகத்துக்கு நிக்கிய" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஆல்பத்தை மூடிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

சும்மா யோசித்துப் பார்த்தேன். கப்பலில் சிரித்தது நினைவிருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் பூசணிக்காயோடு வழுக்கி விழுந்தபோது வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். வீட்டில்? சிரித்திருப்பேன். சிரிக்காமலா இருப்பேன்? எப்போது என்றுதான் நினைவுக்கு வரவில்லை. லீவில் வருவேன், ரேஷன் கார்டு, பைப்பு, கரண்டு பில், அவள் அம்மாவின் ஆஸ்பத்திரி, மறுபடி பெட்டி கட்டுவேன். வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அவளே ஒரு போன் நம்பர் கொண்டுவந்தாள். பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கம் போர்டு பார்த்தாளாம். பச்சைக்குழந்தைகளைப் படம் எடுக்கிற பெண்.

"பச்சப்புள்ளையே சிரிக்குது, நீங்க சிரிக்க மாட்டியளா?"

ஜூலை 11, வெள்ளி

ஸ்டூடியோவில் எல்லாம் ரோஸ் கலர். பிரம்புக் கூடை. கம்பளித் தொப்பிகள், முயல் காது வைத்தது. நடுவில் கஞ்சி போட்ட கோட்டும் சமையல் கத்தியுமாக நான். வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது. மணி பதினொன்று, நாளை மதியம் கெடு, வேறு வழி?

பெயர் பிரேமா. சாத்தான்குளத்துக்காரி, இங்கே வாக்கப்பட்டவள். சுறுசுறுப்பு. கரும்பச்சைத் திரை ஒன்றைக் கட்டினாள். முதல் கேள்வி, "சாப்டியளா அண்ணே?"

இல்லை என்றேன். "பசியோட இருந்தா எந்தப் புள்ளையும் சிரிக்காது" என்று இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். தின்னும்வரை கேமராவைத் தொடவில்லை.

பிறகு ஆரம்பித்தது. இருபது முப்பது படம். ஒவ்வொன்றிலும் கப்பல் புத்தகம். அவளும் சளைக்கவில்லை. ஒரு கட்டத்தில் கேமராவுக்கு மேலே இடது கையைத் தூக்கிக் கிலுகிலுப்பையை ஆட்டினாள். எனக்கு!

"அம்மா, என்னம்மா இது?"

"ஐயோ, மன்னிச்சிருங்க அண்ணே. கை பழக்கம்!"

ஊரில் ஒருவருக்காவது கை தன் பேச்சைக் கேட்காதா? எழுந்து கோட்டைக் கழற்றப் போனேன். சிரிக்க வேண்டாம், உங்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பேசுங்கள் என்றாள். என்ன பேச? சமையலைப் பேசுங்கள். நீ என்ன சமைப்பாய் என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"மீன் கொழம்பு அண்ணே. சாம்பார் பொடி போட்டுத்தான் வைப்பேன்."

"எதுல? மீன்லயா?"

"ஆமா. மீன மொதல்லயே போட்டுருவேன். அரை மணி நேரம் நல்லா கொதிக்கும்."

"அரை மணி நேரமா! மீன் எங்கன இருக்கும்?"

"அதத்தான் அண்ணே நானும் தேடுதேன். கரண்டியப் போட்டா முள்ளுதான் வருது. எங்க வீட்டுக்காரரு மொத நாளு சாப்டுட்டு, இது என்ன முள்ளுக் கொழம்பான்னு கேட்டாவ. நான் ஆமான்னுட்டேன். ஏழு வருசமா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் எங்க ஊர்ல முள்ளுக் கொழம்புன்னு ஒண்ணு உண்டுன்னு சொல்லிட்டு அலையுதாவ."

தாங்கவில்லை. அந்த மனுஷனை நினைத்தேன், அவ்வளவுதான். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர். அவள் அமுக்கிக்கொண்டே இருந்தது பிறகுதான் உறைத்தது. குழம்புக்குப் புளி எவ்வளவு, மீன் எப்போது விழ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

படம் வந்தது. பார்த்தேன். பிடிக்கவில்லை. கண் இடுங்கி, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிய, யாரோ ஒரு ஆள். இவன் கையில் கத்தியைக் கொடுக்கவே யோசிப்பார்கள். அண்ணாச்சி எடுத்ததையே அனுப்பிவிடலாமா என்று 11 மணிவரை குழப்பம்.

ஸ்டெல்லா போனை வாங்கினாள். எட்ட வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"இதத்தான் அனுப்பணும்" என்றாள். "வேற எதையும் அனுப்பிராதீங்க."

11.40-க்கு அனுப்பினேன். மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பத்து மணிக்கு மும்பையிலிருந்து போன். வேலைக்கு எடுத்துவிட்டார்கள். 29-ந் தேதி கொச்சியில் ஏற வேண்டும். ஒன்பது மாத ஒப்பந்தம். "எக்ஸலன்ட் ஸ்மைல் சார்" என்றாள் அந்தப் பெண். மாதா திருவிழாக் கொடியேற்றம் பார்த்துவிடலாம், தேர் பார்க்க முடியாது.

வாங்க வேண்டியது: கறுப்பு ஷூ (வழுக்காதது), கத்திக்கு உறை, பல்வலி மாத்திரை, பூட்டு.

போன் வந்த டீக்கடையிலிருந்து ஸ்டெல்லாவிடம் சொல்ல ஓடிவந்தேன். ஹாலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடி போட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"ஏளா, உசுரோட இருக்கவன் படத்த யாராவது மாட்டுவாவளா? எடு."

எடுக்கவில்லை. நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். கொச்சி, 29, ஒன்பது மாதம், எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க போய்ட்டு வாங்க. இவரு இங்கன இருக்கட்டும். கட்டுன நாள்ல இருந்து இவருகூட நான் ஒரு நாளும் இருந்ததில்ல."

ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தேன். அவள் முன்னால் போய் நின்றேன். பல் தெரிய முயன்று பார்த்தேன். வரவில்லை.