எதிரெதிர் ஜன்னல்

ஸல்கா,

பார்லி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. உப்புப் போட்டாயிற்று, நீயும் ஒருமுறை போடாதே. நாம் ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிவீட்டு மிலேனா இன்று சாவி கேட்டு வருவாள், கொடுத்துவிடு.

நான் மரிபோர் ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஒரு மாத ரயில் பாஸ் கையில் இருந்தாலும் வேக ரயில்களுக்குச் சீட்டைத் தனியாகப் பதிய வேண்டுமாம். எல்லாவற்றிலும் எதிரெதிர் ஜன்னல் சீட்தான் கேட்கப் போகிறேன்.

நான் பதிந்து வந்த முதல் டிக்கெட்டை நேற்றுப் பார்த்ததும், "முப்பத்தெட்டு வருஷம் எஞ்சினையே கட்டிக்கிட்டு அழுதே. இப்பக்கூட என் பக்கத்துல உட்கார மனசில்லையா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பதிலை இப்போது எழுதுகிறேன்: ரயில் ஓட்டிய அத்தனை வருஷமும் என் எதிரே இருந்தது தண்டவாளம் மட்டும்தான். இந்த ஒரு மாதம் நீ இருக்க வேண்டும்.

அப்படியும் பக்கத்துச் சீட்தான் வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்குள் போன் பண்ணு, மாற்றிவிடுகிறேன்.

யெர்னெய்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பின்னோக்கி உட்கார்ந்தால் உனக்குத் தலை சுற்றும். அந்தச் சீட் எனக்கு. வண்டி எங்கே போகிறதென்று இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.