ஒரு வலை தூரம் நகர்ந்த கம்பு

என் உயிர் மச்சான் கன்னியப்பனுக்கு,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? என் வீட்டு வாசலில் நின்று கனைத்தால் உன் வீட்டில் கேட்கும். என் தங்கை தேசம்மாவை உனக்குக் கட்டிக் கொடுத்ததே, கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்ற தைரியத்தில்தான். இப்போது நீ கூப்பிடு தூரத்தில் இல்லை, அதனால்தான் தாளும் பேனாவும்.

இதை நம் மீனவர் சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "இன்னா ஏழுமல, செத்தவனுக்கு லெட்டரு போடுறியா?" என்று மலர் வேலை பார்க்கிறவர் சிரித்தார். எதற்கு என்று சொன்ன பிறகு சிரிக்கவில்லை. ஊர் கேட்க உன்மேல் பழி போட்டேன் மச்சான். ஊர் கேட்கத்தானே அதை எடுக்க வேண்டும்?

முதலில் ஊர்ச் சேதி. எண்ணூர் முகத்துவாரத்தில் இந்த வருஷமும் மண் மூடிக்கொண்டது. மணலிப் பக்கத்துப் புகை காற்று திரும்பினால் நம் குப்பத்துக்கே வந்துவிடுகிறது, உலர்த்திய வேட்டியை உதறித்தான் கட்ட வேண்டியிருக்கிறது. உன் பெரிய மகள் சமைந்துவிட்டாள். தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு போனேன், தேசம்மா வாங்கிக்கொண்டாள். அது நான் உண்மையைச் சொல்வதற்கு முந்தி. இப்போது போனால் வாங்குவாளா, தெரியாது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்த கதை. மற்றவர்களும் படிக்கிறார்கள், அதனால் பொறுத்துக்கொள். பழவேற்காடு ஏரியில் நம் குப்பத்துக்கும் பங்கு உண்டு. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் விழுந்து ஏரி இனித்துக் கிடக்கும். தை பிறந்தால் உப்பு ஏறும், கூடவே இறாலும் ஏறும். அப்போது நாம் கால்வாய் வழியாகப் படகைத் தள்ளிக்கொண்டு வடக்கே போய்விடுவோம். ஆளுக்கு ஒரு முறை என்று சீட்டுப் போட்டு வலை கட்டுகிற உரிமைக்குப் பாடு என்று பெயர். பாட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறவன்தான் ஏரியில் மனுஷன்.

மாகாணத்தைப் பிரித்தபோது ஏரியையும் பிரித்தார்கள். தெற்கே நம் தண்ணீர், வடக்கே ஆந்திராக்காரர்கள் தண்ணீர். இந்தப் பக்கத்து லைசென்ஸ் அந்தப் பக்கம் செல்லாது. எல்லை எது என்று கேட்டால், கரையில் இருக்கிற சர்வே கல்லிலிருந்து திட்டில் நிற்கிற ஒற்றைப் பனைமரம் வரைக்கும் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அந்தப் பனைமரம் ஒரு புயலில் விழுந்து போனது. காகிதத்தில் மட்டும் இன்னும் நிற்கிறது.

அதனால் இரண்டு கரையும் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். மழை வெள்ளம் வடிந்ததும் எல்லையில் சவுக்குக் கம்பு நட வேண்டும். நம் கரையில் ஒருவன், அந்தக் கரையில் ஒருவன், இரண்டு பேரும் ஒரே படகில் போய், ஒரே கயிற்றைப் பிடித்து நட வேண்டும். ஒருவன் மட்டும் கம்பைத் தொடக் கூடாது. நம் பக்கம் நான், அந்தப் பக்கம் போலையா. அவன் தமிழ் பேசுவான், எனக்குத் தெலுங்கு புரியும். பல வருஷம் ஒரு சண்டை கிடையாது.

அந்த வருஷம் போலையா வரவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் படகில் காத்திருந்தேன். காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் வந்திருக்கலாம், யாரும் என்னை விரட்டவில்லை. ஆனால் கம்பு கையில் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. எல்லைக்கு அந்தாண்டை ஒரு மடு உண்டே, பள்ளத்தில் இறால் மண்டிக் கிடக்குமே, அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பாடு நாலாம் நாள் வருகிறது என்று கணக்குப் போட்டேன். பிறகு ஒரு வலை தூரம் வடக்கே தள்ளி நட்டேன். அந்த மடு நம் பக்கம் வந்துவிட்டது.

இவ்வளவுதான் நான் செய்தது. எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

சீட்டில் முதல் நாள் பாடு உனக்கு விழுந்திருந்தது. கம்பு நட்ட அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "மச்சான், மடுவுக்குப் போவாத" என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பாயே என்று பயந்தேன். ஒரு நாள்தானே, அந்தக் கரைக்காரன் வந்து பார்க்கவா போகிறான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நீ சந்தோஷமாகக் கம்புக்கு இந்தாண்டை வலை கட்டினாய். வெயில் வருவதற்குள் ஆறு படகில் வந்து உன்னை வளைத்துக்கொண்டார்கள். வலையையும் படகையும் இழுத்துப் போனார்கள்.

மணல் திட்டில் இரண்டு கரைப் பெரியவர்களும் கூடினார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர் காகிதத்தை விரித்துப் பனைமரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நீ ஈர வலையைத் தலையில் வைத்துக்கொண்டு கங்கையம்மன் பேரில் சத்தியம் பண்ணினாய்.

"கம்புக்கு இந்தாண்டதான் வலை கட்னேன். அது எம்மச்சான் நட்ட கம்பு. அது தப்பா இருக்காது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் மச்சான், நிஜமாகவே திறந்தேன். அதற்குள் போலையா முந்திக்கொண்டான். "இத்தரம் கலிசே நாட்டாம்" என்றான். இரண்டு பேரும் சேர்ந்துதான் நட்டோம் என்று அர்த்தம். வர வேண்டிய நாளில் வராமல் போனோமே என்ற வெட்கத்தில் அவன் சொன்ன பொய் அது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாம். நாங்க சரியாத்தான் நட்டோம். அப்பால எவன் புடுங்கி நட்டானோ, எனக்கு எப்டித் தெரியும்?"

எவன் என்று சொன்னேன். அன்றைக்கு அங்கே வலை கட்டியவன் நீ ஒருத்தன்தான். இது கூட்டத்தில் எவனுக்குப் புரியாது? கம்பை நீதான் நகர்த்தினாய் என்று தீர்ந்து போனது. கம்பைத் தொட்டவன் பெயர் பாட்டுப் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. உன் பெயரை அங்கேயே அடித்தார்கள். பனைமரம் இல்லாமல் பழைய இடம் எது என்று அதிகாரியால் காட்ட முடியவில்லை, நானும் போலையாவும் காட்டவில்லை, கம்பு நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நீ கத்துவாய், என் சட்டையைப் பிடிப்பாய் என்று காத்திருந்தேன். நீ தலையிலிருந்த வலையை இறக்கி வைத்தாய். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். நம்பித்தான் சொன்னாயா? இல்லை, தெரிந்தே சொன்னாயா? இந்த ஒரு கேள்விக்காக எத்தனை தடவை உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, பீடிக்கு நெருப்பு கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன் தெரியுமா?

அதற்குப் பிறகு நீ தண்ணீரில் கால் வைக்கவில்லை. மணலிக்குக் கூலி வேலைக்குப் போனாய். டாங்கர் லாரி ஏறி இறங்கி, எண்ணெய் நாற்றத்தோடு வீடு வருவாய். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை என்று தேசம்மா புலம்புவாள். ஒருநாள் என் வீட்டில் சாப்பிடும்போது குழம்பில் கிடந்த இறாலைப் பார்த்துவிட்டு, "மடுவுல எறா நல்லா ஓடுதா மாமு?" என்று கேட்டாய். நான் என் தட்டிலிருந்த இறாலை ஓரமாக ஒதுக்கினேன். நீ இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

போன ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டு போனது. பாடையின் முன்கால் என் தோளில்தான் இருந்தது. தோள் கொடுக்க மட்டும் முந்திக்கொண்டேன், பார்.

பதினாறாம் நாள் முடிந்து தேசம்மா வந்தாள். செத்தவன் பாடு ஒரு வருஷம் அவன் குடும்பத்துக்கு என்பது நம் வழக்கம். அடித்த பெயருக்கு அது கிடையாது.

"ஊர்ல குடிகாரன் செத்தாக்கூட ஒரு வருசம் பாடு உண்டுண்ணே. எம்புருசனுக்கு அதுகூட இல்லியா?" என்றாள். "கம்பத் தொட்ற ஆளா அவரு? நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. ஒரு கூடை இறால் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அதுவும் அந்த மடுவில் பிடித்த இறால் மச்சான். அன்றைக்குத்தான் எனக்கு என்னையே பார்க்கச் சகிக்கவில்லை.

தை பிறப்பதற்கு முன்னால் கால்வாய்ப் படகு ஏறிப் போலையாவைத் தேடிப் போனேன். கிழவனாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"கன்னியப்பன் செத்துப் போய்ட்டான்னு கேட்டேன்" என்றான். "நீ வருவியான்னு பாத்துகினே இருந்தேன். தனியாப் போய்ச் சொல்ல எனக்கு தில்லு இல்ல."

"எனக்கு மட்டும் கீதா?" என்றேன்.

கம்பை நகர்த்தும்போது ஒன்றாகப் போகாத நாங்கள், அதைச் சொல்வதற்கு ஒரே படகில் போனோம்.

அதே மணல் திட்டு, அதே மாதிரி கூட்டம். ஈர வலையைத் தலையில் வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. நட்டது நான், நகர்த்தியது நான், பழி போட்டதும் நான் என்று சொன்னேன். போலையாவும் தன் பங்கைச் சொன்னான். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவர் ஒருவர் மட்டும், "இத அவன் உசுரோட இருக்கசொல்ல சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. உன் பெயரைத் திரும்ப எழுதினார்கள், செத்தவன் பாட்டையும் கொடுத்தார்கள். என் பெயரை அடித்தார்கள், ஆயுசுக்கும். பழைய இடத்தில் கம்பு நட இரண்டு கரையிலும் புது ஆட்களைப் போட்டார்கள். மடு அந்தப் பக்கம் போய்விட்டது.

தேசம்மா கூட்டத்தில் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் என் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நாலாம் நாள் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. அண்ணே என்று கூப்பிடவும் இல்லை.

"பாடு வந்துச்சி. தண்ணில எறங்க ஆம்பள எங்க கீது எங்கூட்ல?" என்றாள்.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"நீ எறங்கு. அவுரு பேர்ல எறங்கு. ஒரு எறாகூட உன் வூட்டுக்குப் போவக் கூடாது."

பாட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவன் அடுத்தவன் பாட்டில் கூலியாக இறங்கலாம், அதற்குத் தடை இல்லை. சரி என்றேன். அவள் மன்னிக்கவில்லை மச்சான், மன்னிப்பாள் என்று நான் காத்திருக்கவும் இல்லை. நீ மன்னித்தாயா என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த ஒரு வருஷமும் உன் பாடு ஒன்றுகூடத் தவறாது. காய்ச்சல் வந்தாலும் வருவேன், காற்று அடித்தாலும் வருவேன். கம்பிலிருந்து ஒரு கை தள்ளி, இந்தாண்டைதான் வலை கட்டுவேன். பிடித்த இறாலைக் கூடையோடு உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்புவேன்.

நாளைக்கு முதல் பாடு. கரையில் நின்று பட்டியலை வாசிப்பார்கள், இருக்கிறவன் இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். ஏழுமலை என்று இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். கன்னியப்பன் என்று கூப்பிடுவார்கள். தண்ணீரில் நின்றுகொண்டு, "கீறேன்" என்று நான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பெயரில் தண்ணீரில் இறங்கும்
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
ஏழுமலை
எண்ணூர்க் குப்பம்