பள்ளத்தை ஒட்டிய சுவர்

உத்திரமேரூர்
2001, புரட்டாசி

அன்பு மகள் சசிரேகாவுக்கு, உன் நைனா சொல்லச் சொல்லக் காசிம் பாய் தம் கடையில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சென்னையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உன் வயிற்றில் இருப்பதும் அப்படியே இருக்கச் சுந்தரவரதர் துணை.

உன் கடுதாசியைப் பாய் இரண்டு தரம் படித்துக் காட்டினார். பூமி ஆடினபோது பாத்திரமெல்லாம் உருண்டது, தெருவுக்கு ஓடினோம், சமையல்கட்டுச் சுவரில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், அவர் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார், இப்போது தெரியவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். தெரியவே இல்லை என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மா. அது பள்ளத்தை ஒட்டிய சுவர். ஆடியில் வந்தபோது பார்த்தேனே, பக்கத்து மனையில் கடைகள் கட்டத் தென்னைமர ஆழத்துக்குத் தோண்டி, கரை சரியாமல் இரும்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். உன் வீட்டு மூலையில் மட்டும், லாரி இறங்க இடைஞ்சல் என்று முட்டு ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மேஸ்திரியைக் கேட்டதற்கு, "பெர்சு, மண்ணு கல்லு மாரி கீது, போய் நாஷ்டா துன்னு" என்றான்.

நம் எல்லப்பன் கிணறும் கல் மாதிரிதான் இருந்தது. நீ பிறக்காத காலம். மழை பொய்த்த வருஷம் கிணற்றை ஆழப்படுத்தினான், இன்ஜின் ரூம் கரையிலேயே இருந்தது. கோடை முழுக்க ஒரு கட்டி மண் உதிரவில்லை. ரூம் தரையில் கிணற்றோரமாக ஒரு வெடிப்பு வந்தது, ஆடி வெள்ளிக்கு அவன் பெண்டாட்டி அதன்மேலேயே சாணி மெழுகிவிட்டாள், எல்லோரும் மறந்துபோனோம். ஐப்பசி மழையில் மண் ஊறினது. இன்ஜினைச் சுற்றிவிட்டான், அந்த அதிர்வுக்கே கரை சரிந்து ரூமோடு உள்ளே போனான். உயிரோடு தூக்கினோம், கால் போயிற்று. உன் பக்கத்தில் பள்ளம் இருக்கிறது, ஆட்டமும் வந்துவிட்டது, மழைதான் பாக்கி.

"யோவ் வேதாசலம், பூமி ஆடுனா ஒன் வூடுந்தான் ஆடும்" என்கிறார் பாய். ஆடட்டும், சரிஞ்சி வுழப் பக்கத்துல பள்ளம் இல்லியே என்றேன். முறைத்துக்கொண்டே அதையும் எழுதுகிறார்.

வாயும் வயிறுமாக இருப்பவள் வீடு மாறக் கூடாது என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வீடு மாறுவதாகாதே என்றேன். "அஞ்சாம் மாசத்துல எவன்யா வளகாப்பு வெப்பான், ஊரே சிரிக்கும்" என்றாள். இன்று காலை எல்லப்பன் கோலூன்றிக்கொண்டு வந்து, "பொண்ண இன்னும் அங்கியா வுட்டு வெச்சிக்கினு கீற செல்லம்மா" என்று ஒரே வார்த்தைதான் கேட்டான். அவள் அப்போதே கடைத்தெருவுக்குப் போய் வளையலோடு வந்தாள். பஞ்சாங்கம்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வளையல் உன்னை மட்டும்தான் கூட்டிவரும், மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் அப்படி ஒரு சாக்கு கிடையாது. அதனால் மூன்று பேருக்கும் துணி கட்டி வை. கட்டிடம் தெரிந்த இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மாப்பிள்ளையும் அங்கே படுக்க வேண்டாம், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த வெள்ளை சிமெண்டைச் சுரண்டிவிட்டு, விரிசல் மேல் குறுக்கே ஒரு காகிதம் ஒட்டி வை. அது கிழிந்தால் எனக்காகக் காத்திருக்காதே, கட்டின புடவையோடு இறங்கிவிடு.

மூவரும் நால்வராகி நூறாண்டு இருங்கள்.

உன் நைனா
வேதாசலம், கைநாட்டு