ஏலாது என்பதும் மாட்டேன் என்பதும்

இன்று காலை அலுமாரியைத் துடைக்கையில் ஒரு பென் டிரைவ் அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் "கெட்டவை" என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே ஐம்பத்திரண்டு கோப்புகள். ஒவ்வொன்றையும் நானே கெடுத்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்த என் பெண்சாதி இவ்வளவு ஒழுங்காகக் கெடுதல் செய்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

துறைமுக வேலையை விட்டபின், படகுகளுக்குக் கரை காட்டும் கருவிக்காக நீங்கள் சின்னதொரு கணினி மொழி செய்தீர்கள். அதில் எழுதும் பாதை, கருவிக்கு விளங்கும் கோப்பாக மாறி உள்ளே போகும். கோப்பு பழுதானால் கருவி என்ன செய்யும் என்று பார்ப்பது என் பங்கு. தலைப்பை மாற்றினேன், வெறும் கோப்பைக் கொடுத்தேன், கருவி பிழையைப் பிடித்துவிட்டது. கடைசித் துணுக்கை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். திரை இருண்டு அப்படியே நின்றது.

"எந்த விசரன் இப்பிடிக் கோப்புக் குடுப்பான்?" என்று சினந்தீர்கள்.

"கோப்பை ஏத்தேக்க பாதியிலை கரண்ட் போனால் இப்பிடித் தானாய் வரும்."

"உமக்குப் பிழை பிடிக்காட்டிச் சோறு செமிக்காது."

"ஓம், செமிக்காதுதான்."

மறுநாள் மூதூர்ப் படகுக்காரர் கருவியை வாங்க வரவிருந்தார். நான் கொடுக்க விடவில்லை. மழை மூட்டத்தில் திரை அணைந்தால் அவர் எந்தப் பக்கம் திரும்புவார்? இரண்டு நாள் வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் கதைபேச்சே இல்லை. பிறகு திருத்திக்கொண்டு வந்தீர்கள். அதே கோப்பைக் கொடுத்தேன். திரையில் "ஏலாது" என்று வந்தது. பெருமையாக என்னைப் பார்த்தீர்கள்.

"ஆருக்கு ஏலாது? ஏன் ஏலாது?" என்றேன். "ஏலாமல் விழுறது வேறை, தெரிஞ்சு மறுக்கிறது வேறை. காரணத்தைச் சொல்லி மறுக்கட்டும்."

முகத்தைச் சுளித்தபடியே எழுதினீர்கள்: "கோப்பு முடிவில் குறைகிறது. ஏற்கமாட்டேன். பழைய பாதையில் போகிறேன்."

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் கழித்து, கருவியை வாங்கிப்போன அந்த மூதூர்ப் படகுக்காரர் மீனோடு வாசலில் நின்றார். கரையில் புதுப் பாதையை ஏற்றும்போது கரண்ட் போனதாம். கவனிக்காமல் கடலுக்குப் போய்விட்டாராம்.

"மழைக்குள்ள கரையே தெரியல்ல அம்மா. உங்கட கருவி என்னை ஏசிச்சு, ஏற்கமாட்டனாம்! ஏசிப்போட்டு ஒழுங்காக் கொண்டந்து விட்டிச்சு. வாசிக்கக்குள்ள அச்சு அசல் உங்கட குரல்!"

உங்கள் கருவிக்கு என் குரல். அன்று தனியே இருந்து நன்றாகச் சிரித்தேன்.

கொழும்பிலிருக்கும் மகள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மறுபடியும் கேட்டாள். முன்பென்றால் முழங்கால் வலியைச் சாக்காகச் சொல்லி "ஏலாது பிள்ளை" என்றிருப்பேன். இந்த முறை, "வரமாட்டன். எனக்கு இஞ்சை சந்தோஷமாய் இருக்கு" என்றேன். "சரி அம்மா" என்றாள்.