முதல் பஸ்ஸில் வந்த அத்தைக்கு

அத்தை,

போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வீட்டைக் காலி செய்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் குடிவந்தோம். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் ஓட்டல் சோப்பு வாசனை. மாமல்லபுரத்து விடுதியில் நீங்கள் அறை சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், விருந்தினர்கள் ஒருமுறை கை கழுவிவிட்டுப் போட்டுப்போகும் சின்னச் சின்ன சோப்புகளைச் சேர்த்து வைத்து எடுத்து வருவீர்கள். என் மனைவி மேகலா டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். தன் அம்மாவான உங்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் கீழே நின்ற வண்டிக்கு இறங்கிப் போய்விட்டாள். நான் மட்டும் அந்தக் காலி வீட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தினமும் வந்துபோன வீடு அது.

என் குடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி வேலை போனது கூட மேகலாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகள் பவியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போகிறேன் என்று கிளம்பியவன் போகவே இல்லை. குழந்தை வெகுநேரம் கேட் அருகே நின்றிருக்கிறாள். கடைசியில் ஒரு டீச்சர் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையில் மேகலா பவியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். என் கைகள் உதறிக்கொண்டிருந்தன. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வாசலில் நின்று என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "பல்லு வௌக்கிட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றீர்கள். மேகலாதான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியவே தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வார்டில் மூன்றாம் நாள் என் படுக்கை முழுக்க எறும்பு ஊர்ந்தது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் அப்படித் தெரியும் என்று டாக்டர் சொன்னார். எறும்பே இல்லை என்று நர்ஸும் பக்கத்துக் கட்டில்காரரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நீங்களோ என்னை எழுப்பி உட்காரவைத்து, விரிப்பை எடுத்து ஜன்னல் பக்கம் போய் உதறி, ஓட்டல் அறையில் விரிப்பதுபோல நான்கு மூலையும் இழுத்துவிட்டு விரித்தீர்கள். அதற்குப் பிறகு தூங்கினேன்.

அங்கிருந்து ஒரு மாதம் மறுவாழ்வு மையத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தாருக்கு வகுப்பு நடக்கும். மனைவிகளும் அம்மாக்களும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மாமியார் நீங்கள் ஒருவர்தான். குடிப்பவரால் வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். உங்கள் முறை வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"நான் இவனுக்காக மட்டும் வரல மேடம்" என்று ஆரம்பித்தீர்கள். "எங்க வூட்டுக்காரரும் இதே கேசுதான். ஒரு நாள் மத்தியானம் வெளிய தள்ளி கதவ சாத்திட்டேன். போன மன்சன் திரும்பல. எட்டு நாள் கழிச்சு பொணமா கீறாருன்னு சொன்னாங்க. கதவ சாத்தினது தப்புன்னு நான் சொல்லல. பொண்ணு பயந்துகினு கெடந்துச்சு, சாத்தினேன். ஆனா இதுக்கு வைத்தியம் கீதுன்னு அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லல."

மாமா நெஞ்சுவலியில் இறந்தார் என்றுதான் மேகலா என்னிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தீர்கள். அந்த அறையில் அன்று முதல்முதலாக உங்களை நிமிர்ந்து பார்த்தேன்.

வீடு திரும்பும்போது டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது, அதனால் குடிக்கப் பயம் வரும், ஆனால் தினமும் யாராவது எதிரில் நின்று கொடுக்க வேண்டும் என்றார். நான் சம்மதித்தேன். யார் கொடுப்பது என்று கேட்டதற்கு, "நான் வரேன்" என்றீர்கள். மாமல்லபுரத்திலிருந்தா என்று டாக்டர் வியந்தார். "லேடீஸுக்கு பஸ்ஸு ஃப்ரீதான. குந்திகினு வரப் போறேன்."

மறுநாளிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் முதல் பஸ். விடியும்போது கதவைத் தட்டுவீர்கள். மாத்திரை, தண்ணீர், பிறகு ஒரு கேள்வி: "இன்னிக்கு ஆசையா கீதா?" இல்லை அத்தை என்பேன். சரி என்று கிளம்பி, ஒன்பது மணிக்கு விடுதியில் படுக்கை விரித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் என்னவோ, "இருக்குது" என்று வாயில் வந்துவிட்டது. நீங்கள் புத்தி சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று உட்கார்ந்தீர்கள். தெருமுனையில் இட்லி வாங்கிவந்து இருவரும் சாப்பிட்டோம். பதினோராம் நம்பர் அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா கட்டில் முழுக்கக் கிளிஞ்சல் பரப்பி வைத்திருந்ததையும், எதையும் நகர்த்தாமல் அறையைக் கூட்டியதையும் சொன்னீர்கள். சாப்பிட்டு முடித்தபோது ஆசை போயிருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை.

அப்படிப்பட்ட உங்களைத்தான் ஆறாம் மாதம் ஏமாற்றினேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, நீங்கள் தெருவைத் தாண்டியதும் துப்பினேன். சில நாள் கழித்து, பழைய கம்பெனி நண்பன் ஒருவனோடு குடிக்க உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எத்தினி நாளா முழுங்கல?"

"பத்து நாளு, அத்த."

பால் பாக்கெட் போடுகிறவர் உங்களைத் தாண்டிப் போய் வந்தார். பிறகு சொன்னீர்கள்: "என்ன ஏமாத்தறது பெரிய வேலயில்ல மாப்ள. நான் ஏமாந்துட்டு பஸ் ஏறிடுவேன். நீ எங்க போவ?"

அன்று மாத்திரை தரவில்லை. உள்ளே சரக்கு இருக்கும்போது கொடுக்கக்கூடாது என்று பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். அவர் நாள் குறித்துக் கொடுத்து மறுபடி ஆரம்பித்ததிலிருந்து, "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். நாற்பது வயசுக்காரன் வாசலில் நின்று நாக்கைத் தூக்கிக் காட்டுவதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

ஒரு வருஷம் கழிந்து மேகலா குடும்ப வகுப்புக்கு வந்தாள். உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா மன்னிச்சிருப்பாங்க. நான் இன்னும் மன்னிக்கல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நீங்கள் அவளைத் தடுக்கவில்லை, என்னையும் ஆறுதலாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த மாதம் பவியோடு வீட்டுக்கு வந்தாள். மாத்திரை அவள் கைக்குப் போனது. பிறகு டாக்டரே நிறுத்திவிட்டார். நீங்கள் வருவதும் நின்றது.

இதை யாரிடமும் சொன்னதில்லை அத்தை. வீட்டில் மனைவியும் மகளும் தூங்குகிறார்கள், எனக்கு வேண்டியதெல்லாம் திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் விடிகிற நேரத்தில் கதவு தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். தீபாவளி, பொங்கல் என்று உங்கள் வீட்டுக்கு வந்தால் கூட்டமாக இருக்கும். நீங்கள் அடுப்படியில் இருப்பீர்கள். நாம் இருவரும் தனியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. நான் குணமானதன் விலை அதுதானோ என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

போன ஐப்பசியில், விடுதி மாடிப்படியில் துவைத்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. நான் புதிதாகச் சேர்ந்த கம்பெனியில் ஷிப்டில் இருந்தேன். கம்பெனி வேனில் மாமல்லபுரம் வந்து இறங்கியபோது சாமியானா போட்டிருந்தார்கள்.

உங்களை எடுத்து முடித்து மயானத்திலிருந்து வந்த பின், பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் கூடினார்கள். உங்கள் தம்பி என் கையில் ஒரு பிளாஸ்டிக் கப்பைத் திணித்தார். "இன்னிக்கு ஒரு நாள்தான் மாப்ள, அக்காவுக்காக" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாசனை மூக்கிலிருந்து நேரே நெஞ்சுக்குள் இறங்கியது. தெருவின் அந்தப்பக்கம் பெண்களுக்கு நடுவில் மேகலா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பிறகு கப்பை மதில்மேல் வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர்த்தொட்டி அருகே போய் உட்கார்ந்தேன்.

மேகலா வந்தாள்.

"குடிச்சியா?"

"இல்ல. ஆனா கீழ வைக்க கை வரல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "அம்மாவா இருந்தா இத சொல்லியிருப்ப இல்ல?"

"சொல்லியிருப்பேன்."

"எங்கிட்டயும் சொல்லு. நான் திட்டுவேன். திட்டினாலும் சொல்லு."

சொல்கிறேன் அத்தை. நல்ல நாளிலும் சொல்கிறேன், மோசமான நாளிலும் சொல்கிறேன். உங்களிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது இந்த ஒன்றுதான். சொன்னபடியே திட்டுகிறாள். திட்டி ஓய்ந்ததும் இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசாமல் இருப்போம். அந்த நேரத்தில் இருவரும் உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை மட்டும் நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.